1965 எம்ஜிபி: சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அதோடு சரி

அல்சூர்_எம்ஜிபி · ஞாயிறு, இரவு 9.40

இன்று காலை ஐந்து மணிக்கே கிளம்பி நந்தி மலைக்குப் போனோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. அடிவாரத்தில் இட்லியும் டீயும் முடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு ‘டக்’. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. பக்கத்தில் பைக் நிறுத்தியிருந்த நாலு பையன்கள் வந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வீடு வரும்வரை இன்ஜினை அணைக்க மனம் வரவில்லை. ஹெப்பாள் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறியபோதுகூட அணைக்கவில்லை.

வண்டி 1965 மாடல் எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி. டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்வது), சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி என்று எல்லாம் வந்தபடியே இருக்கிறது. மாமனார் ஆசை ஆசையாக வைத்திருந்தது. அவர் போன பிறகு என்னிடம் வந்தது. செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், பழைய பென்டிக்ஸ் வகை. அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான சாலினாய்டு அதன் தலையில் இல்லை, தனியாக இன்ஜின் அறையின் வலதுபக்கத் தகட்டில் இருக்கிறது.

சரியாகச் சொன்னால் மூன்று விதமாகப் படுத்துகிறது. சில நாள் ‘டக்’ மட்டும். சில நாள் தூக்கக் கலக்கத்தில் எழுந்திருப்பதுபோல மெதுவாகச் சுற்றி, கிளம்பிவிடும். இன்னும் சில நாள் செல்ஃப் மட்டும் ‘விர்ர்ர்’ என்று ஓடும், இன்ஜின் அசையாது.

பேட்டரி இரண்டும் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. செல்ஃபை மே மாதம் கழற்றி ரீவைண்டிங் செய்து, கார்பன், புஷ் எல்லாம் மாற்றினேன். ஆன செலவை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள், விடுகிறேன். எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் போனிலேயே ‘செல்ஃப் ஹோகிதே சார், ஹொஸது ஹாக்கி’ (செல்ஃப் போய்விட்டது சார், புதிது போடுங்கள்) என்று கன்னடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து, உள்ளே பல் சக்கரம் வைத்துச் சுற்று விசையைக் கூட்டும் கியர் ரிடக்‌ஷன் செல்ஃப் வரவழைக்கலாமா? வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பத்மினி_78 · ஞாயிறு, இரவு 10.05

சூடு சார், சூடு. சைலன்சர் பைப் சூட்டில் செல்ஃபுக்குள் காப்பர் சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சுற்றாது. காலையில் குளிர்ந்திருந்தபோது கிளம்பியது, மலை ஏறி வந்து சூடானதும் நின்றுவிட்டது, கணக்கு சரியாக இருக்கிறதே. ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள்.


காக்ஸ்டவுன்_மீட்டர் · திங்கள், காலை 6.15

பத்மினி தம்பி, சூடேறினால் செல்ஃப் சோம்பும் என்பது உண்மை. ஆனால் இந்த வண்டியில் அது பொருந்தாது. எம்ஜிபியில் இருப்பது பி சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசியும் இதே வம்சம்தான். அம்பாசடர் பானெட்டைத் திறந்து பழகியவர்களுக்குத் தெரியும்: கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இன்ஜினின் இடதுபக்கம், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக், செல்ஃப் எல்லாம் வலதுபக்கம். நடுவில் ஒரு முழு இன்ஜின் படுத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் சூடு தாண்டி வந்து செல்ஃபை வாட்டுவதற்கு வழி குறைவு.

எம்ஜிபி சார், நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், உங்கள் எலக்ட்ரீஷியன் உட்பட. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘டக்’கும் மெதுவாகச் சுற்றுவதும் ஒரு குடும்பம்: கரண்ட் போதவில்லை. ‘விர்ர்ர்’ வேறு குடும்பம்: கரண்ட் தாராளமாகப் போகிறது, மோட்டார் ஓடுகிறது, பல் மட்டும் போய்ச் சேரவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘செல்ஃப் போச்சு’ என்று சொல்லிவிட்டால் எத்தனை செல்ஃப் மாற்றினாலும் தீராது.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். பைசா செலவில்லை. ஹெட்லைட்டைப் போட்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி ‘டக்’ கேட்கும் நொடியில் வெளிச்சம் என்ன ஆகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். செத்துப்போகிறதா, கொஞ்சம் மங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா?

இன்னொன்று. சோக் குமிழை எப்போதாவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா, இழுப்பதற்காக அல்ல, சூடு பார்ப்பதற்கு?


அல்சூர்_எம்ஜிபி · திங்கள், இரவு 8.30

சார், வெளிச்சம் துளிகூட மங்கவில்லை. ‘டக்’ நன்றாகக் கணீரென்று கேட்கிறது. ஏழெட்டு முறை பார்த்தேன். மங்காததால் பேட்டரி நல்லது, ஆகவே செல்ஃப்தான் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிட்டேன்.

ஆனால் சோக் பற்றி ஏன் கேட்டீர்கள்? எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. போன மாதம் ஒரு நாள் டாஷ்போர்டுக்குக் கீழே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சோக் குமிழைத் தொட்டால் வெந்நீர் டம்ளர் மாதிரி சூடு. இன்ஜின் சூடு கேபிள் வழியாக ஏறி வருகிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.


மர்ஃபிடவுன்_மைனர் · திங்கள், இரவு 8.52

ஐயோ. இனி ஒரு முறைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். மீட்டர் சார் வந்து விளக்கட்டும்.


காக்ஸ்டவுன்_மீட்டர் · திங்கள், இரவு 9.20

மைனர் அம்மா சொன்னது சரி. காலையில் பேட்டரி கிளாம்ப் ஒன்றைக் கழற்றி வையுங்கள். உங்கள் வண்டியில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நெகட்டிவைத் தொட்ட ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங்தான். செல்ஃப் லைனில் ஃபியூஸ் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

இனி கதை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்ட் கடத்தாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள், எர்த் ஸ்ட்ராப் என்று சொல்வோம். செல்ஃபுக்குப் போகும் அத்தனை கரண்டும் அந்த ஒரு பட்டை வழியாகத்தான் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே போய்வர வேண்டும். பட்டை அறுந்தாலோ, போல்ட் துருப்பிடித்தாலோ, கரண்ட் சும்மா இருக்காது, வேறு சந்து தேடும். இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் உலோகம் வேறு என்ன? சோக் ஒயர், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். வீட்டுக்கு வரும் மெயின் லைனை மொபைல் சார்ஜர் ஒயரில் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் சோக் ஒயருக்கு ஆகியிருக்கிறது.

இப்போது விளக்குக்கு வாருங்கள். ஹெட்லைட்டின் எர்த் பாடியில். சாலினாய்டும் பாடியில்தான் திருகப்பட்டிருக்கிறது. பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு குறையும் இல்லை. ஆகவே விளக்கு ஜோராக எரியும், சாலினாய்டு கணீரென்று அடிக்கும். இன்ஜினில் மாட்டியிருக்கும் செல்ஃப் மட்டும் பட்டினி கிடக்கும். சாலினாய்டு செல்ஃபின் தலையிலேயே இருக்கும் பிற்கால மாடலாக இருந்திருந்தால் இந்த ‘டக்’கே இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

இது என் ஊகம். ஊகத்தை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். முதலில் ஒரு ஜம்பர் கேபிளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.


ஜேசிரோடு_கில்லாடி · திங்கள், இரவு 10.10

எல்லோரும் மன்னிக்கவும். இந்தக் காலத்தில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த், பென்டிக்ஸ் செல்ஃப், இதையெல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? ஒரே 12 வோல்ட் பேட்டரி, நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர், கியர் ரிடக்‌ஷன் செல்ஃப். ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் பத்து வருடம் பானெட்டைத் திறக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டுகிற வண்டிக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதற்கு?

அப்புறம் ஒரு சந்தேகம்: பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த் ஆக்கினால் இந்தப் பழைய செல்ஃப் தலைகீழாகச் சுற்றாதா?


மர்ஃபிடவுன்_மைனர் · திங்கள், இரவு 10.41

சுற்றாது. ஆர்மேச்சர் (சுற்றும் சுருள்), ஃபீல்டு (நிற்கும் சுருள்) இரண்டிலும் ஒரே கரண்ட் வரிசையாக ஓடும் மோட்டார் இது. துருவத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும், சுற்றும் திசை அப்படியே இருக்கும். டைனமோவுக்குத்தான் துருவம் மாற்றிப் பழக்க வேண்டும், ரேடியோ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். எம்ஜிபியே 1967 வாக்கில் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. பேட்டரி ஒன்றாகச் சேர்ந்தது 1974ல், ரப்பர் பம்பர் வந்தபோது. மாற்றுவது பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் கில்லாடி அண்ணா, ஒன்று யோசியுங்கள். எர்த் பட்டை அறுந்திருக்கும் வண்டியில் நீங்கள் சொன்ன புது செல்ஃபைப் போட்டால் அதுவும் ‘டக்’ என்றுதான் சொல்லும். விலை மட்டும்தான் வித்தியாசம். அதுவுமில்லாமல் பென்டிக்ஸ் வண்டியின் ரிங் பல்லும் (செல்ஃப் பல் போய்ச் சேரும் ஃப்ளைவீல் விளிம்பின் பல்) பிற்கால வண்டியின் ரிங் பல்லும் ஒன்றல்ல. எந்த ஃப்ளைவீலுக்கான செல்ஃப் என்று பார்க்காமல் வாங்கினால் பல்லைக் கடித்துத் துப்பிவிடும்.

என் மைனருக்கு ஒரே பேட்டரிதான் என்பதால் இரண்டு பேட்டரி அனுபவம் எனக்கு நேரடியாகக் கிடையாது. அண்ணனுடைய எம்ஜிபியில் பார்த்தது: இரண்டையும் சேர்த்து அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இன்ஜினைச் சுற்ற வைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று 5.5ல் நிற்கும், மற்றொன்று 3க்கு விழும். ஜோடியில் ஒன்று நொண்டியென்றால் மற்றதும் சேர்ந்து நொண்டும்.


காக்ஸ்டவுன்_மீட்டர் · செவ்வாய், காலை 6.05

அளக்கும் முறை. பெரும்பாலோர் மீட்டரை ஓம்ஸில் வைத்து எர்த் பட்டையின் இரு முனையைத் தொட்டு ‘பீப்’ சத்தம் கேட்டதும் நல்லது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சோதனையால் இங்கே பயனில்லை. செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், 1.5 வோல்ட் அங்கேயே காலி. சாதாரண மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை. பத்து இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் பட்டைகூட ‘பீப்’ என்று கத்தும்.

ஆகவே வோல்ட்டில் வையுங்கள், கரண்ட் ஓடும்போது அளங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிடுங்கள், இன்ஜின் கிளம்பக் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ஒருவர் சாவியைத் திருப்ப, ஒருவர் அளக்க. ஒரு தடவைக்கு மூன்று நொடி, அதற்கு மேல் வேண்டாம், இடையில் ஆறவிடுங்கள். சோக் ஒயரில் கை வைத்திருங்கள். சூடேறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

நான்கு இடம்: பேட்டரி முனைக்கு முனை. பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் டெர்மினல் வரை. இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடி வரை. பாடியிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் முனை வரை. கிளாம்பைத் தொடாதீர்கள், நடுவில் இருக்கும் ஈயக் கட்டையைத் தொடுங்கள். கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவேதான் திருடன் ஒளிந்திருப்பான். மீட்டர் மைனஸ் காட்டினால் காட்டட்டும், எண் மட்டும் போதும். எர்த் பக்கம் முழுவதற்கும் 0.2, 0.3க்கு மேல் போகக் கூடாது. மறுபக்கம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.


அல்சூர்_எம்ஜிபி · செவ்வாய், இரவு 11.15

அளந்துவிட்டேன். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், மகள் சாவியைத் திருப்ப, நான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. வாட்ச்மேன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6. சாவியைத் திருப்பும்போது 12.1.
பேட்டரியிலிருந்து செல்ஃப் டெர்மினல் வரை 0.1.
பிளாக்கிலிருந்து பாடி வரை 9.5.
பாடியிலிருந்து பேட்டரி வரை 0.1.

9.5 வந்ததும் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை பார்த்தேன். அதே 9.5. கூட்டிக் கழித்தால் செல்ஃபுக்குக் கிடைப்பது 2.4 வோல்ட். பாவம், அதைக் கழற்றி ரீவைண்டிங் செய்தேனே.

அப்புறம் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை இன்ஜின் தூக்கும் கொக்கியிலும் மறு முனையை பானெட் ஹிஞ்ச் போல்ட்டிலும் மாட்டிவிட்டு மகளிடம் ‘இப்போ’ என்றேன். இன்ஜின் சுற்றிய வேகத்தில் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். நான்கு வருடத்தில் இந்த வண்டி இப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை. மகள் கேட்டது: ‘அப்பா, இதுக்கா நந்தியில் தள்ளினோம்?’


பத்மினி_78 · செவ்வாய், இரவு 11.32

சூடு என்று சொன்னேன். சோக் ஒயர் சூடாகத்தானே இருந்தது? பாதி மார்க் போடுங்கள்.


அல்சூர்_எம்ஜிபி · வியாழன், இரவு 10.20

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் படுத்துப் பார்த்தேன். என் வண்டியில் பட்டை கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. இரண்டு விரல் அகலம். தொட்டதும் பாதி கையோடு வந்துவிட்டது. பழைய சணல் கயிறு மாதிரி உதிர்ந்து, உள்ளே பச்சைப் பொடி. அதைவிடக் கொடுமை பாடிப் பக்க போல்ட். போன தீபாவளி சமயத்தில் ஒரு ஷெட்டில் கிளட்ச் மாற்ற இன்ஜினை இறக்கினேன். அப்போதே அடித்தட்டுக்குக் கறுப்பு தார் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். கோட்டிங்கின் மேலேயே பட்டையை வைத்து முடுக்கிவிட்டார்கள். போல்ட்டின் மரையில் மட்டும் கொஞ்சம் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மரையை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். மறுபடி அளந்தேன்: இன்ஜின் சுற்றும்போது பேட்டரி ஜோடி 10.6, செல்ஃப் வரை 0.4, எர்த் பக்கம் மொத்தம் 0.2. செல்ஃபுக்கு முழுசாக 10 வோல்ட்.

மைனர் அக்கா சொன்னபடி பேட்டரியைத் தனித்தனியாகவும் பார்த்தேன். ஒன்று 5.7, மற்றொன்று 5.6. இரண்டும் நல்லதுதானே?


மர்ஃபிடவுன்_மைனர் · வியாழன், இரவு 10.48

பேட்டரி நல்லது. ஆனால் 5.7ம் 5.6ம் கூட்டினால் 11.3. ஜோடியாக அளந்தபோது 10.6 என்கிறீர்கள். மிச்சம் 0.7 எங்கே போனது?


காக்ஸ்டவுன்_மீட்டர் · வெள்ளி, காலை 6.10

சபாஷ் அம்மா. நான் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சின்ன கேபிளைப் பாருங்கள் சார். எர்த் மோசமாக இருந்தபோது கரண்ட் கொஞ்சமாக ஓடியதால் இந்தக் குறை தலை காட்டவில்லை. வழி திறந்து கரண்ட் முழுசாகப் பாய்ந்ததும் வெளியே வந்துவிட்டது. அதனால்தான் ஒன்றைச் சரி செய்ததும் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கச் சொல்வேன்.


அல்சூர்_எம்ஜிபி · சனி, மதியம் 1.05

அதேதான். சீட்டுக்குப் பின்னால் கார்பெட், அதன் கீழே மூடி, மூடியின் கீழே பேட்டரி. மூன்று மாதத்துக்கு முன் பேட்டரி மாற்றியவர் பழைய இணைப்பு கேபிளையே மாட்டியிருக்கிறார். கிளாம்புக்குள் வெள்ளைப் பொடி கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. வெந்நீரும் சோடா உப்பும் ஊற்றிக் கழுவியும் கேபிளுக்குள் கறுப்பு ஏறியிருந்ததால் புதிதே செய்துகொண்டேன். இப்போது ஜோடி 11.2.

‘டக்’ ஒழிந்தது. மெதுவாகச் சுற்றுவதும் ஒழிந்தது. ஆனால் ‘விர்ர்ர்’ போகவில்லை. இன்று காலை ஐந்தில் இரண்டு முறை. சொல்லப்போனால் கரண்ட் அதிகமானதும் ‘விர்ர்ர்’ இன்னும் கம்பீரமாக இருக்கிறது.


ஜேசிரோடு_கில்லாடி · சனி, மதியம் 1.30

நான் ஒன்றும் சொல்லவில்லை.


காக்ஸ்டவுன்_மீட்டர் · சனி, மாலை 4.40

வேறு குடும்பம் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, இப்போது அந்த வீட்டுக்குப் போவோம்.

பென்டிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செல்ஃப் தண்டின் மேல் திருகு மரை. அதன் மேல் பல் சக்கரம் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது, நட் போல. மோட்டார் திடீரென்று சுற்றும்போது பல் சக்கரம் தன் கனத்தால் உடனே சுற்றாமல் தயங்கும். அந்தத் தயக்கத்தில் மரை அதை ஓட்டிக்கொண்டுபோய் ஃப்ளைவீல் ரிங்கில் சொருகும். இன்ஜின் கிளம்பியதும் ரிங் அதை வேகமாகச் சுற்றிவிட, மரையிலேயே திரும்பி வந்துவிடும். இழுக்க லீவர் கிடையாது. எல்லாம் அந்த ஒரு தயக்கத்தில்தான் நடக்கிறது.

மரை அழுக்காக இருந்தால் பல் தயங்காமல் தண்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். அதுதான் ‘விர்ர்ர்’. செல்ஃபைக் கழற்றிப் பாருங்கள். ரீவைண்டிங் செய்தவர் அன்போடு கிரீஸ் வைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். இந்த மரைக்கு எண்ணெயும் ஆகாது, கிரீஸும் ஆகாது. கிளட்ச் தூசி வந்து அதில் ஒட்டித் தாராகிவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, துடைத்து, காயவைத்து, அப்படியே மாட்ட வேண்டும்.

கழற்றியது கழற்றினீர்கள், கம்யூட்டேட்டரையும் (கார்பன் உரசும் செம்பு வளையம்) பாருங்கள். டைனமோவில் செம்புக் கட்டைகளுக்கு நடுவே மைக்காவைக் கீறி இறக்குவார்கள். லூகாஸ் கம்பெனி செல்ஃபில் அதைச் செய்யக் கூடாது; ஆனால் பழக்க தோஷத்தில் பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பிளேடை எடுப்பார்கள். புதுப் புஷ் போட்டார்கள் என்றால் அதை ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போட்டார்களா என்றும் கேளுங்கள். அது துளையுள்ள வெண்கலம், எண்ணெய் குடிக்க வேண்டும். காய்ந்த புஷ் சீக்கிரம் தேயும். தண்டு சாய்ந்து ஆர்மேச்சர், சுற்றியிருக்கும் காந்த இரும்பில் (‘போல் பீஸ்’) உரசும்.


அல்சூர்_எம்ஜிபி · ஞாயிறு, இரவு 9.00

இரண்டே போல்ட். கீழ் போல்ட்டுக்கு ஐந்து நிமிடம், மேல் போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஆயில் ஃபில்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே கை போகிறது, ஸ்பேனர் போகவில்லை. ஸ்பேனர் போனால் கை திரும்பவில்லை. முட்டியில் தோல் உரிந்ததைத் தவிர வெற்றிதான்.

மரையில் கிரீஸ். கிரீஸ் என்றால் கொஞ்சமல்ல, பல் சக்கரத்தை விரலால் சுற்றினால் தேன் மாதிரி மெதுவாக நகர்ந்தது. பெட்ரோலில் மூன்று முறை கழுவினேன். மூன்றாவது முறைதான் தெளிவாக வந்தது. காய்ந்த பிறகு சுண்டிவிட்டால் சரேலென்று போய்த் திரும்புகிறது. மைக்காவைத் தொடவில்லை, அந்த வகையில் தப்பித்தேன்.

செல்ஃப் இல்லாத ஓட்டை வழியாக டார்ச் அடித்தபோது ரிங் பல் தெரிந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளி, ஒரு சுற்று முழுவதும் சாக்பீஸால் குறி வைத்தேன். முக்கால்வாசி பல் நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும், நேர் எதிரெதிராக, ஏழெட்டுப் பற்களின் முனை மழுங்கி, எலி கடித்த மாதிரி இருக்கிறது.


காக்ஸ்டவுன்_மீட்டர் · திங்கள், காலை 6.20

நான்கு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்காது. அழுத்தம் எதிர்த்துத் தள்ளும் இடத்தில் ஆடி ஆடி நிற்கும். ஒரு சுற்றில் அப்படி இரண்டே இடம், எதிரெதிராக. அறுபது வருடமாக ஒவ்வொரு ஸ்டார்ட்டும் அந்தப் பற்களின் மேல்தான். மற்றவை வேலையே பார்க்காமல் சம்பளம் வாங்கியிருக்கின்றன.

ஒரு வழி இருக்கிறது. ரிங்கைச் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்று திருப்பி, மறுபடி சூடேற்றி மாட்டலாம். நல்ல பற்கள் வேலைக்கு வரும். இளநீலம் ஏறும்வரை சூடு. அதைத் தாண்டினால் பல்லின் உறுதி போய்விடும். தெரிந்த லேத் பட்டறையில் மட்டும் கொடுங்கள். ஆனால் இதற்கு இன்ஜின் வெளியே வர வேண்டும். இதற்காக மட்டும் இறக்குவது என் கணக்கில் சரியில்லை.


ஜேசிரோடு_கில்லாடி · திங்கள், காலை 9.15

இந்த இடத்தில் மீட்டர் சாரோடு ஒத்துப்போகிறேன். அடுத்த கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்துவிடுங்கள். அதுவரை மழுங்கிய இடத்தில் மாட்டினால் டாப் கியர் போட்டு ஒரு முழம் தள்ளிவிட்டுத் திருப்புங்கள், வேறு பல் வந்துவிடும். பல் சிக்கிக்கொண்டாலும் இதே வைத்தியம்தான், கியரில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். எங்கள் அப்பா டாக்சிக்குச் செய்ததுதான். அவர் அதற்குக் கியர் ரிடக்‌ஷன் வாங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.


அல்சூர்_எம்ஜிபி · அடுத்த ஞாயிறு, காலை 11.50

இன்று மறுபடி நந்தி. அதே டீக்கடை, அதே இடத்தில் நிறுத்தினேன். வேண்டுமென்றே இன்ஜினை அணைத்தேன். வாரம் முழுக்க எண்ணிவந்தேன்: முப்பத்தொரு ஸ்டார்ட், ஒரே ஒரு ‘விர்ர்ர்’. ஒரு முழம் தள்ளினேன், பிடித்துக்கொண்டது.

ஒரு சின்ன விஷயம் மட்டும். திரும்பி வரும்போது ஐட்லிங் 1500க்குக் கீழே இறங்கவில்லை. கார்புரேட்டரைத் திருகிப் பார்த்தேன், மாற்றமில்லை.


காக்ஸ்டவுன்_மீட்டர் · அடுத்த ஞாயிறு, பகல் 12.10

கார்புரேட்டரைத் தொடாதீர்கள். சோக் குமிழை உள்ளே தள்ளிப் பாருங்கள், முழுசாகப் போகிறதா?


அல்சூர்_எம்ஜிபி · அடுத்த ஞாயிறு, பகல் 12.25

போகவில்லை. பாதியில் நிற்கிறது. கேபிளின் உறை நடுவில் ஓரிடத்தில் உருகி உள் கம்பியோடு ஒட்டியிருக்கிறது. நாளை ஜே.சி. ரோடு போகிறேன், கில்லாடி அண்ணா, எந்தக் கடையில் அளவு சொல்லிச் செய்து தருவார்கள்?